நாற்காலிக்குப் பின்னால் ஒரு லாந்தர்

என் தம்பி திம்மராயனைப் பற்றி ஓசூர்க் கடைவீதியில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஜூஜுவாடியில் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிறவன் என்பது ஒன்று. நூருல்லா பாயின் போட்டோ ஸ்டூடியோவில் படுதாவைக் கெடுத்து வைத்தவன் என்பது இன்னொன்று. முதலாவது உண்மை. இரண்டாவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சந்தையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் என்று நின்ற இடத்திலெல்லாம் விளக்கம் சொல்லியும் யாரும் முழுதாகக் கேட்பதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நாங்கள் சானமாவுக் காட்டை ஒட்டிய ஊர். எங்கள் அப்பா தீர்த்தகிரிக்குக் காட்டு ஓரத்தில் ராகி நிலம் இருந்தது. கதிர் முற்றும் மாதங்களில் இரவுக் காவல் இல்லாமல் முடியாது. காட்டுப் பன்றி எல்லா வருஷமும் வரும். யானை சில வருஷம் வரும். நிலத்தின் கடைசியில் ஒரு மரத்தில் பரண் கட்டியிருந்தார். பொழுது இறங்கும்போது சாப்பிட்டுவிட்டு, லாந்தரை ஏற்றிக்கொண்டு, தட்டுவதற்கு ஒரு தகர டின்னையும் எடுத்துக்கொண்டு வரப்பு மேல் நடந்து போவார். விடிந்துதான் திரும்புவார். அவர் புறப்பட்டதும் அம்மா எங்கள் இருவரையும் உள்ளே அழைத்துத் தட்டிக் கதவைச் சாத்திவிடுவாள். திம்மராயன் மட்டும் கதவின் ஓலை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பான். கூப்பிட்டாலும் வரமாட்டான்.

இங்கே ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். அப்பாவை யானை அடித்துக் கொன்றதாகவும் அந்தத் துக்கத்தில்தான் திம்மராயன் அந்தப் படுதாவை வரைந்ததாகவும் சொல்லித் திரிகிறார்கள். அப்பாவை யானை தொட்டதுகூட இல்லை. போன ஒவ்வொரு நாளும் அவர் காலையில் பல் குச்சியை மென்றுகொண்டு திரும்பி வந்தார். பல வருஷம் கழித்துக் காய்ச்சலில், வீட்டில், கட்டிலில்தான் இறந்தார். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். அவர்களுக்கு யானை வேண்டியிருக்கிறது.

அப்பா போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மாவும் திம்மராயனும் ஓசூரில் என் வீட்டுக்குப் பக்கத்தில் குடிவந்தார்கள். அவன் அத்திப்பள்ளியில் ஒரு போர்டு எழுதுகிறவரிடம் கொஞ்ச நாள் இருந்து தொழில் கற்றுக்கொண்டான். பிறகு ஜூஜுவாடியில் சாலை ஓரமாகச் சொந்தமாகக் கொட்டகை போட்டான். எல்லையில் லாரிகள் நின்று போகிற இடம் அது. ஓசூர் சென்னை ராஜ்யத்தில் இருக்குமா, மைசூருக்குப் போகுமா என்று டீக்கடைகளில் அப்போது ஓயாத சண்டை. லாரிக்காரர்கள் அந்தச் சண்டையில் சேரவில்லை. முன்பக்கம் தமிழில் எழுது, பின்பக்கம் கன்னடத்தில் எழுது என்று சொல்லிவிட்டு இட்லி சாப்பிடப் போய்விடுவார்கள். திம்மராயனுக்கு இரண்டு எழுத்தும் வரும், தெலுங்கும் வரும். என் தம்பி எழுதிய எழுத்து வெயிலில் வெளுத்து நான் பார்த்ததில்லை. பின்பலகையில் தாமரை, மயில், இரண்டு மலைக்கு நடுவில் சூரியன் என்று கேட்டதைப் போட்டுக் கொடுப்பான்.

அந்த மயில்களில் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் நூருல்லா பாய் தேடி வந்தார். கடைவீதியில் மாடி அறை ஒன்றைப் பிடித்து, கூரையில் பாதிக்குக் கண்ணாடி போட்டு, புதிதாக ஸ்டூடியோ வைத்திருந்தார். உட்காருகிறவர்களுக்குப் பின்னால் தொங்கவிட ஒரு பெரிய படுதா வேண்டும். பெங்களூரில் வாங்கினால் எல்லாக் கடையிலும் இருக்கிற அதே படிக்கட்டும் தூணும்தான் கிடைக்கும். உன் கையால் ஒரு தோட்டம், ஒரு குளம், குளத்தில் அன்னம் போட்டுத் தா என்று கேட்டார். சாம்பல், வெள்ளை, கருப்பு, இந்த மூன்றைத் தவிர வேறு வர்ணம் வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். என் காதாலேயே கேட்டேன்.

திம்மராயன் துணியை என் வீட்டுப் பின்சுவரில் ஆணி அடித்து விரித்தான். காலையில் ஜூஜுவாடி வேலை, மதியத்துக்கு மேல் இது. முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அங்கே குளமும் இல்லை, அன்னமும் இல்லை.

அவன் போட்டது எங்கள் நிலம். நிலத்தின் இந்த ஓரத்தில் எங்கள் வீட்டின் கூரை விளிம்பு. அதிலிருந்து வரப்பு வளைந்து போகிறது. இரு பக்கமும் ராகிக் கதிர், நிறம் செத்து மண்ணோடு சேர்ந்துவிட்ட மாதிரி. தூரத்தில், நாங்கள் தினமும் பார்த்த இடத்திலேயே, ஓசூர் மலையும் அதன் மேல் கோவிலும். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. வானம் அடியில் சிவப்பு, மேலே போகப் போகச் செங்கல், பிறகு கத்தரிப்பூ, எல்லாவற்றுக்கும் மேலே எந்தப் பேரும் சொல்ல முடியாத ஒரு நிறம். வரப்பின் நடுவில் நகத்தின் அளவுக்கு ஒரு லாந்தர் வெளிச்சம். மஞ்சளுக்குள் துளி வெள்ளை வைத்திருந்தான்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பாய் கேட்டது என்ன, நீ போட்டிருப்பது என்ன என்று சத்தம் போட்டேன். லாந்தர் இருக்கிறது, அதைப் பிடித்த ஆளைக் காணோமே என்றும் கேட்டேன்.

திம்மராயன் தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அந்த நேரத்துல ஆள் தெரியமாட்டாருக்கா. பொறப்படறப்போ அப்பா தெரிவாரு, லாந்தரு தெரியாது, வானத்துல அவ்ளோ வெளிச்சம் இருக்கும். போகப் போக வானம் மங்கிக்கினே வரும். ஒரு எடத்துல வானமும் லாந்தரும் ஒண்ணாயிடும். அதுக்கப்புறம் அப்பா இல்ல, வெளிச்சம் மட்டும்தான் போகும்."

கதவிடுக்கில் நின்று அவன் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தானாம். அப்பா வெளிச்சமாக மாறுகிற அந்த இடம் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பானாம். மாறிய பிறகு அழுகை வருமாம். நாளைக்குக் காலையில் அவர் வருவார் என்று தெரிந்தும் தினமும் வருமாம். இத்தனை வருஷத்தில் இதை அவன் எனக்குச் சொன்னதில்லை. நான் அந்த வீட்டில் அவன் பக்கத்திலேயேதான் படுத்துக்கொண்டிருந்தேன்.

சாம்பலில் போட்டால் அந்த இடம் வராது, அதனால்தான் வர்ணம் என்றான். ஊர் முழுக்க வந்து பார்க்கிற இடத்தில், தான் பார்த்தது பார்த்தபடி ஒரு படமாவது தொங்கட்டும் என்றான். அவன் எதையும் வேண்டும் என்று கேட்கிற பிள்ளை இல்லை.

படுதா ஸ்டூடியோவில் ஏறியது. நூருல்லா பாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். "எங்க பிறைக் கணக்குல பொழுது எறங்கினாத்தான் மறுநாள் பொறக்குது, தங்கச்சி. எனக்கு இதுல குத்தம் தெரியல. வர்ற ஜனம் என்ன சொல்லுமோ" என்றார். அவர் நல்ல மனுஷர் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜனம் என்ன சொல்லும் என்பது முகூர்த்த நாள் முடிந்த மறுநாளே தெரிந்துபோயிற்று. சூளகிரிப் பக்கத்து நிலக்காரர் சென்றாயன், புதிதாகக் கல்யாணம் முடிந்த மகளையும் மருமகனையும் வில்வண்டியில் அழைத்து வந்தார். பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள், மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். சென்றாயன் படுதாவைப் பார்த்ததும் மகளை எழுந்திருக்கச் சொன்னார். தாலி கட்டி முதல் முதலாக எடுக்கிற போட்டோ. சாய்கிற பொழுதுக்கு முன்னால் உட்காரவைப்பதா என்று கேட்டார். நூருல்லா பாய் சட்டென்று, இது சாய்கிற பொழுது இல்லை, விடிகிற பொழுது என்றார்.

சென்றாயன் படுதாவுக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஏம் பாய், இது நம்ம ஓசூரு மலைதானே? கோவிலு தெரியுது. இப்பிடிக் கோவிலு தெரியணும்னா சானமாவுல நின்னு பாக்கணும். அங்க நின்னா மலை மேக்கால. மலைக்குப் பின்னால பொழுது மொளைக்கணும்னா நீங்க மலைய இல்ல தூக்கி அந்தப் பக்கம் வெக்கணும்" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளைகூடச் சிரித்தார்.

வேறு யாராவது வேறு எங்காவது வரைந்த மலையாக இருந்திருந்தால் காலையா மாலையா என்று எவருக்கும் தெரிந்திருக்காது. லாரியின் பின்பலகையில் அவன் போடுகிற இரண்டு மலைக்கு நடுவிலுள்ள சூரியனை யாரும் இதுவரை கேள்வி கேட்டதில்லை. இந்த மலையை மட்டும் அவன் உள்ளது உள்ளபடியே போட்டுவிட்டான், கோவில் கோபுரம் எந்தப் பக்கம் சாய்ந்து தெரியும் என்பது வரைக்கும். அதுதான் காட்டிக்கொடுத்தது.

பாய் விடவில்லை. போட்டோவில் வர்ணமே விழாது, கருப்பு வெள்ளைதான், படத்தைப் பார்க்கிறவர்களுக்குப் பொழுதும் தெரியாது மலையும் தெரியாது என்று சொல்லிச் சமாதானம் செய்து, ஒரு வழியாக எடுத்தார். அங்கேதான் பெரிய வினை வந்தது. அவர் கேமராவுக்குள் வைக்கிற, படம் பதியும் கண்ணாடித் தகட்டுக்குச் சிவப்பு என்பது தெரியாது. சிவப்பெல்லாம் கருப்பாகத்தான் விழும். நம் பெண்களின் நெற்றிக் குங்குமம் அந்தக் கால போட்டோக்களில் மை வைத்த மாதிரி இருப்பது அதனால்தான். தொழில் தெரிந்த பாய் முதலிலேயே மூன்று நிறம் போதும் என்று சொன்னதும் அதற்காகத்தான். ஆனால் காரணத்தை அவர் சொல்லவில்லை, இவன் கேட்கவும் இல்லை.

படம் வந்தது. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் கன்னங்கரிய வானத்துக்குக் கீழே இருந்தார்கள். புயலுக்கு முன்னால் யாரோ வெட்டவெளியில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. சென்றாயன் படத்தை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாராம். ஒரு வார்த்தை பேசாமல் மகளை அழைத்துக்கொண்டு போய், கிருஷ்ணகிரியில் வேறு கடையில் எடுத்துக்கொண்டாராம். பேசாமல் போனவர் சந்தையில் பேசினார். அடுத்த முகூர்த்தத்துக்குப் பாயின் மாடிப்படியில் கால் வைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

பாய் ஜூஜுவாடிக்குப் போய்த் திம்மராயனிடம் பேசினார். குறை சொல்லவில்லை. கடை மூடினால் தன் பிள்ளைகள் என்ன செய்யும் என்றுதான் கேட்டார். துணி நல்ல துணி, அதன் மேலேயே சாம்பலில் தூணும் படியும் போட்டுக் கொடு, முடியாது என்றால் கழற்றி எடுத்துக்கொண்டு போ என்றார்.

கழற்றிக்கொண்டு வா என்று நான் சொன்னேன். என் வீட்டில் அந்த நீளத்துக்குச் சுவர் இல்லை. சுருட்டிப் பரணில் வைத்தால் எலி கடிக்கும். அது திம்மராயனுக்கும் தெரியும். சுருட்டி வைத்த படத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்றான். நான் பாயிடம் போய், மலையை மட்டும் அழித்தால் போதாதா என்று கேட்டேன். சிவப்பு இருக்கிற வரைக்கும் கருப்புத்தான் விழும் என்றார். திம்மராயனிடம் வந்து, வானத்தை மட்டும் வெளுப்பாக்கு என்றேன். வானத்தை வெளுத்தால் லாந்தர் எதற்கு என்றான். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒரு வெள்ளிக்கிழமை, பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், அவன் ஏணி போட்டு ஏறினான். சிவப்பு, செங்கல், கத்தரிப்பூ, பேர் தெரியாத அந்த நிறம் எல்லாம் சாம்பலுக்குள் போயின. மலை போயிற்று. வரப்பு இருந்த இடத்தில் படிக்கட்டு வந்தது. கூடப் போய் உட்கார்ந்திருந்த நான் பாதியில் எழுந்து கீழே வந்துவிட்டேன். அவ்வளவு நேர்த்தியாக அவன் தூணைப் போட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோணலாகவாவது போட்டிருக்கலாம்.

லாந்தரை மட்டும் அழிக்கவில்லை. அது இருந்தது கீழே, படியின் ஓரத்தில். கண்ணாடிக் கூரையின் வெளிச்சம் சரியாக விழும் இடம் ஒன்றுதான் என்பதால் நாற்காலிக்கு அங்கே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். நாற்காலியின் முதுகு லாந்தரை மறைத்துவிடும். பாயிடம் அவன் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் அழிக்கச் சொல்வார் என்று நினைத்தான்.

கடைக்கு ஜனம் திரும்பி வந்தது. தூண் பிரமாதம் என்றார்கள். சென்றாயனே இரண்டாவது மகள் கல்யாணத்துக்கு வந்து, இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவின் பெயர் மங்கம்மா. அவள் வாழ்நாளில் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. எடுத்தால் ஆயுசு குறையும் என்று பிடிவாதம். அப்பாவுக்கும் ஒரு படம் கிடையாது. எப்படியோ பேசி, திம்மராயனும் நானுமாக அழைத்துப் போனோம். மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். பாய் தகடு எடுத்துவர இருட்டறைக்குள் போயிருந்தார். திம்மராயன் நாற்காலியை ஒரு சாண் நகர்த்தி, "அம்மா, இங்க பாரு" என்றான்.

அவளுக்கு அந்தப் படத்தைப் பற்றி நாங்கள் இருவருமே சொன்னதில்லை. வானமும் இல்லை, வரப்பும் இல்லை, ஒரு சாம்பல் படிக்கட்டின் ஓரத்தில் நகத்தளவு மஞ்சள். குனிந்து பார்த்தாள்.

"உங்கப்பன் லாந்தரு" என்றாள். பிறகு சொன்னாள்: "பாதி வரப்பு தாண்டிட்டாரு."

எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன். எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு அவள் பின்கட்டு வழியாக வெளியே வந்து, மாட்டுக் கொட்டகை ஓரத்தில் நின்று தினமும் பார்த்திருக்கிறாள். லாந்தர் நகத்தளவாகத் தெரிவது அவர் பாதி வரப்பு தாண்டிய பிறகுதானாம். பிள்ளைகள் பயப்படுமே என்று சொல்லவில்லையாம். ஒரே வெளிச்சத்தை ஒருவன் இந்தப் பக்கத்திலிருந்தும் ஒருத்தி அந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருக்கிறார்கள். என்ன குடும்பம் இது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

திம்மராயன் நாற்காலியைத் திரும்பக் கோட்டில் வைக்கவில்லை. லாந்தர் அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் தெரியும்படி விட்டான். அப்பாவுக்குப் படம் இல்லை. இருவரும் ஒரே படத்தில் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறான். பாய் வந்து கருப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தெளிவு செய்தார். எடுத்தார்.

நானும் திம்மராயனும் படம் வாங்கப் போனபோது பாய் மரியாதையாக உறையில் போட்டு வைத்திருந்தார். அம்மா மிக நன்றாக விழுந்திருந்தாள். கண்ணில் வெளிச்சம் இருந்தது, சேலை மடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. தோளுக்குப் பக்கத்தில் படிக்கட்டு மட்டும் இருந்தது. லாந்தர் இல்லை.

நான் கேட்டேன். பாய் பெருமையாகத்தான் பதில் சொன்னார். தோளின் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருந்ததாம், தகட்டில் தூசி என்று நினைத்தாராம். பெரியம்மாவின் படம், அதில் ஒரு கறை இருக்கலாமா என்று, நெகட்டிவில் அந்தப் புள்ளியைக் கத்தி முனையால் மெள்ள மெள்ளச் சுரண்டி எடுத்தாராம். மற்றவர்கள் படத்துக்கு அவ்வளவு மெனக்கெடமாட்டாராம். திம்மராயனின் அம்மா என்பதால் செய்தாராம்.

சுரண்டியது சுரண்டியதுதான். மறுபடி அச்சிட்டாலும் வராது. நான் அங்கேயே நாற்காலியை இழுத்து, பின்னால் இருந்ததைக் காட்டினேன். பாய் குனிந்து பார்த்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா, தம்பி?" என்று திம்மராயனைக் கேட்டார்.

திம்மராயன் படத்தைச் சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "சுத்தமா எடுத்திருக்கீங்க பாய். தடமே தெரியல" என்றான். பரிகாசமாகச் சொல்லவில்லை. அவன் தொழில்காரன், இன்னொரு தொழில்காரன் வேலையைப் பார்த்துச் சொன்னான். எனக்குத்தான் அந்த மேஜையைத் தள்ளிவிட வேண்டும் போலிருந்தது.

பாய் இலவசமாக இன்னொரு படம் எடுத்துத் தருவதாகச் சொன்னார். அம்மா மறுத்துவிட்டாள். அந்த மாடியை இன்னொரு முறை ஏற மாட்டாளாம். "அந்தாளுதான் பாதி வரப்பு தாண்டிட்டாருன்னு சொன்னேனே. இன்னும் அங்கியே நிப்பாரா?" என்றாள். திம்மராயன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

அவன் இப்போதும் ஜூஜுவாடியில்தான் இருக்கிறான். லாரிகளின் பின்பலகையில் இரண்டு மலைக்கு நடுவில் சூரியன் போடுகிறான். எது காலை, எது மாலை என்று கேட்டால், லாரி போகிற திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். அம்மாவின் படம் என் வீட்டுச் சுவரில் கண்ணாடிக்குள் இருக்கிறது. பார்க்கிறவர்கள் தூணைப் புகழ்கிறார்கள்.

படுதாவைக் கெடுத்தவன் என்று இனிமேல் சொல்ல நினைக்கிறவர்கள் ஒன்று செய்யலாம். கடைவீதியில் நூருல்லா பாயின் மாடிக்குப் போய், என் பெயர் ருக்மணி என்று சொல்லி, நான் அனுப்பியதாகச் சொல்லுங்கள். நாற்காலியை நகர்த்திக் காட்டுவார், இப்போது அவரே அங்கே யாரையும் துடைக்க விடுவதில்லை. இடது பக்கம், கடைசிப் படிக்குக் கொஞ்சம் மேலே. வெயில் நேரத்தில் போனால் தெரியாது. கண்ணாடிக் கூரையில் வெளிச்சம் மங்கும்போது போங்கள்.